சின்னத்துரை ஐயாவுக்கு நான் போட்ட ஏழு

1. படிவம் கைக்கு வந்த நாள்

இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு என்னை மாற்றிய முதல் நாளே டொக்டர் என் கையில் ஒரு படிவத்தைத் தந்தார். அப்போது நான் தாதியாக இருபத்தேழு வருடம் வேலை செய்திருந்தேன். ஊசி போடத் தெரியும், புண் கட்டத் தெரியும், சண்டைக்கு வரும் உறவினரைச் சமாளிக்கவும் தெரியும். ஒருவர் இன்னும் எவ்வளவு காலம் இருப்பார் என்று மதிப்பிடத் தெரியாது. "சாத்திரியாரின்ரை வேலையை என்னட்டைத் தாறீங்களோ, சேர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

டொக்டர் என்னைவிட வயதில் குறைந்தவர். தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்க மாட்டார். அன்றைக்கு மட்டும் கதிரையை இழுத்துப் போட்டு விளக்கினார். காலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டால் முதலில் நடக்கும்போது கெண்டைக்கால் நோகும். பிறகு சும்மா இருக்கும்போதும் நோகும். அதற்குப் பிறகு விரல் கறுக்கும். அறுபது வயதுக்காரர் என்றால் அடைப்பைத் திறக்க யாரும் தயங்குவதில்லை. தொண்ணூறைத் தாண்டியவர் என்றால் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இவர் இன்னும் ஒரு வருடம் இருப்பாரா? இருப்பார் என்றால் கம்பி விட்டுக் குழாயைத் திறப்பதில் பலன் உண்டு. இல்லை என்றால் அந்த உபத்திரவத்தைக் கொடுக்காமல், நோவுக்கு மருந்து கொடுத்து வீட்டில் நிம்மதியாக இருக்கவிடுவதே நல்லது. காலை எடுப்பது கடைசி வழி. அந்த வயதில் காலோடு ஆளும் போய்விடலாம்.

"வயசை மட்டும் பாத்து முடிவெடுக்கேலாது, சிஸ்டர். ஆளைப் பாக்கவேணும். ஆளைப் பாக்கிறது உங்கடை வேலை" என்றார்.

படிவத்தின் முதல் பக்கத்தில் இருதயம், சிறுநீரகம், இரத்தத்தில் புரதம், கணுக்கால் பிறஷர் எல்லாம் இருந்தன. அவற்றை ஆய்வுகூடமும் கருவியும் சொல்லிவிடும். இரண்டாம் பக்கம்தான் எனக்கு. உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதற்கு ஒன்பது படிகள். ஒன்று என்றால் ஓடியாடித் திரிபவர். ஒன்பது என்றால் சேடம் இழுக்கிற நிலைக்குக் கிட்ட. சமைக்கிறாரா, கடைக்குப் போகிறாரா, தானே குளிக்கிறாரா என்று கேட்டு, எந்தப் படி என்று புள்ளடி போட வேண்டும். அதுவும் இப்போதைய நிலையை அல்ல, இந்த நோய் முற்றுவதற்கு முன் எப்படி இருந்தார் என்பதை.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. சின்ன வயதிலிருந்தே அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று அறியாவிட்டால் எனக்கு நித்திரை வராது. எங்கள் பக்கத்தில் அதை விடுப்பு என்பார்கள். விடுப்புக்காரி என்று அம்மாவிடம் எத்தனையோ நாள் பேச்சு வாங்கியிருக்கிறேன். இப்போது விடுப்புக் கேட்பதே உத்தியோகம்.

2. மகள் சொன்ன பதில்கள்

சின்னத்துரை ஐயா அளவெட்டியிலிருந்து வந்தார். வயது தொண்ணூற்றொன்று. புகையிலைத் தோட்டம் செய்தவர். விளைந்ததில் ஒரு பங்கைச் சுருட்டாகத் தானே பிடித்தும் முடித்தவர். வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. பாதம் கிணற்றுக்கட்டு மாதிரிக் குளிர்ந்திருந்தது. நாடிச் சத்தம் கேட்கும் டொப்ளரை வைத்துப் பார்த்தேன். வெறும் இரைச்சல்தான் வந்தது.

கூட வந்தவர் அவருடைய மகள். ஐம்பத்தெட்டு வயது, பாடசாலை ஆசிரியை, கணவனை இழந்தவர். நான் கேள்விகளை ஐயாவைப் பார்த்துக் கேட்டேன். பதில்கள் மகளிடமிருந்து வந்தன. சமைப்பாரா? இல்லை. வெளியே போவாரா? இல்லை. உடுப்புத் தோய்ப்பாரா? இல்லவே இல்லை.

"குளிக்க வாக்கிறது ஆர்?" என்று கேட்டேன்.

"நான்தான், மிஸி. ஐயாவை ஒரு துரும்பு தூக்க விடுறதில்லை. அம்மாவும் படுக்கை. ரெண்டு பேரையும் நான்தான் பாக்கிறன்."

ஐயா காலைத் தொங்கப்போட்டபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அந்த மகளை நினைக்க நெஞ்சு இளகிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று நினைத்துக்கொண்டே ஏழாம் படிக்குப் புள்ளடி போட்டேன். ஏழு என்றால் சொந்தக் காரியம் எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்ப்பவர்.

டொக்டர் ஏழைப் பார்த்தார். சிறுநீரக அறிக்கையும் அவ்வளவு நன்றாக இல்லை. கம்பி விடும் சிகிச்சை வேண்டாம், ஆஸ்பத்திரி வாட்டில் இரண்டு மூன்று நாள் வைத்து நோவு மருந்தின் அளவைச் சரிபார்த்து அனுப்புவோம் என்று முடிவெடுத்தார். அதன் பொருள் எங்களுக்குத் தெரியும். விரலில் தொடங்கிய கறுப்பு ஏறும். சில கிழமைகளில் ஒன்றில் கால் போகும், அல்லது ஆள் போவார். நான் பைலை மூடி அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

3. சுருக்கம் எடுத்த கை

அடுத்த நாள் முற்பகல், மருந்து பிடிக்கிறதா என்று பார்க்க வாட்டுக்குப் போனேன். ஐயாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் நீரிழிவால் ஒரு காலை இழந்த ஒருவர் இருந்தார். அவர் சறுக்கிச் சறுக்கிக் கட்டில் ஓரத்துக்கு வந்துவிட்டார். நான் எட்டிப் போவதற்குள் ஐயா தன் கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். நல்ல காலை ஊன்றி, நோகிற காலைப் பின்னுக்கு வைத்து, ஒரு கையைத் தோளுக்கும் மற்றக் கையை இடுப்புக்கும் கொடுத்து, "மூச்சை விடும், இப்ப திரும்பும்" என்று சொல்லி அவரை உருட்டி நடுக்கட்டிலுக்குக் கொண்டுவந்தார். முதுகுக்குத் தலையணை சொருகினார். பிறகு விரிப்பை இழுத்துச் சுருக்கம் எடுத்தார்.

அந்தச் சுருக்கம் எடுத்ததுதான் என்னை நிறுத்தியது. விரிப்பில் சுருக்கம் இருந்தால் படுக்கைப்புண் வரும். இதை மாணவத் தாதிகளுக்குத் தொண்டை வற்ற வற்றச் சொல்லியிருக்கிறேன். ஒரு துரும்பும் தூக்காத மனிதருக்கு இது எப்படித் தெரியும்?

"ஐயா, உதை எங்கை பழகினீங்கள்?"

அவர் வாசலைப் பார்த்தார். மகள் இன்னும் வரவில்லை.

"மனிசிக்கு நாலு வருசமா நான்தானே செய்யிறன், பிள்ளை."

மனைவிக்கு எண்பத்தாறு வயது. பக்கவாதத்தில் விழுந்து நாலு வருடம். மகள் காலையில் பாடசாலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவார். மகளுக்கு இடுப்பில் நாரிப் பிடிப்பு வேறு, குனிந்து ஆளைத் தூக்க முடியாது. ஆகவே தண்ணீர் சுடவைத்து மனைவியைக் குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, கஞ்சி பருக்குவது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் ஐயா. போதாததற்கு, விரல் கறுக்கும்வரை கடைக்குச் சைக்கிளில் போய் வந்திருக்கிறார். நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும், சைக்கிள் மிதித்தால் அவ்வளவு பிடிக்காது என்று தானே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

நான் குளிக்க வார்ப்பது யார் என்று கேட்டிருக்கிறேன். அந்த வீட்டில் குளிக்க வார்ப்பவர் எனக்கு முன்னாலேயே இருந்திருக்கிறார்.

நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்ரை பிள்ளை சொல்லிப்போட்டுது. பிறத்தியாருக்கு முன்னாலை அவளைப் பொய்க்காரி ஆக்கவோ?"

4. நாலு என்பதற்குச் சாட்சி

விடுப்புக்காரி என்று பெயர் எடுத்தும் கோட்டை விட்டுவிட்டேனே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம். ஏழை வெட்டி, தளர்ந்தாலும் தன் காரியத்தைத் தானே பார்ப்பவர் என்ற நாலாம் படிக்குப் புள்ளடியை மாற்றிக்கொண்டு டொக்டரிடம் ஓடினேன். அவர் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நேற்று ஏழு. இண்டைக்கு நாலு. நான் எதை நம்ப, சிஸ்டர்?"

கேட்டது நியாயம். வாய்ச் சொல்லை நம்பித்தான் முதல் பிழை வந்தது. கைப்பிடி வலுவை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. அதனால் பிறஷர் பார்க்கும் பட்டியைச் சுருட்டி, கொஞ்சம் காற்று ஊதி, அதை இறுக்கிப் பிடிக்கச் சொன்னோம். பிடிக்கும் பலத்துக்கு மேர்க்கரி ஏறும். முதலில் நான் பிடித்தேன். பிறகு ஐயா பிடித்தார். என்னுடையதைத் தாண்டி ஏறியது. டொக்டரும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு ஏறியது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

மகளைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தேன். கோபமாகக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. கனடாவிலிருந்து அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பாராம். அவருக்கும் இதே பதில்தானாம்.

"தொண்ணூறு வயசு மனிசன் குளிக்க வாக்கிறார் எண்டு சொன்னால், பெத்த பிள்ளை என்னத்துக்கு இருக்கிறாள் எண்டு கேக்கமாட்டினமோ, மிஸி?" என்று அழுதார்.

கேட்பார்கள். நானே கேட்டிருப்பேன். என் அம்மா எண்பத்து நாலு வயதில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்ததை நான் யாருக்கும் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கு, அம்மாவை நாங்கள் ஒன்றும் செய்ய விடுவதில்லை என்றுதான் சொன்னேன். வயது போனவரை வேலை செய்ய விடுவது எங்களுக்கு வெட்கம். அந்த வெட்கம் படிவத்தில் ஏழாக விழும் என்று நான் யோசிக்கவில்லை. ஐயாவின் கால் அந்த ஏழினால் போகப் பார்த்தது.

5. ஐயா கேட்டது

டொக்டர் ஐயாவின் கட்டிலுக்கு வந்து எதையும் மறைக்காமல் சொன்னார். இடுப்புக்குக் கீழே கவட்டில் ஊசி போட்டு விறைக்கப் பண்ணி, கம்பி விட்டுக் குழாயைத் திறப்போம். அடைப்புத் திறக்காமலும் போகலாம். அதற்கு ஏற்றும் மருந்தால் சிறுநீரகம் பழுதாகலாம். மேசையிலேயே உயிர் போகவும் இடம் உண்டு. நூறு பேரில் எத்தனை பேருக்கு அப்படி என்று தன்னால் சொல்ல முடியும், அந்த நூறில் ஐயா யார் என்று சொல்ல முடியாது.

ஐயா முழுவதையும் கேட்டார்.

"எவ்வளவு காலம் இருப்பன் எண்டு எனக்குத் தேவையில்லை, டொக்டர். மனிசிக்கு முதல் போவனோ, பிறகு போவனோ? அதை மட்டும் சொல்லுங்கோ, காணும்."

அந்தக் கேள்விக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

"அது எனக்குத் தெரியாது, ஐயா."

"அப்ப திறவுங்கோ."

திறந்தார்கள். கறுத்த விரல்கள் இரண்டையும் எடுக்க வேண்டி வந்தது, கால் தப்பியது. டொப்ளரை வைத்தபோது நாடி தெளிவாகக் கேட்டது. எட்டாம் நாள் ஐயா வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து பிள்ளைகளை வெளியே இருத்திவிட்டு நோயாளியிடம் தனியே கேட்பதை வழக்கமாக்கினேன். படிவத்தின் அடியில் பேனாவால் ஒரு கேள்வியும் சேர்த்தேன்: இவர் யாரைப் பார்த்துக்கொள்கிறார்? டொக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த கட்டுப் படிவம் அச்சாகி வந்தபோது அந்தக் கேள்வியும் அதில் இருந்தது.

ஐயா மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தார். யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்பேன். "மனிசியை" என்பார். நாலாம் முறை வந்தபோது மனைவி இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. படுக்கைப்புண் ஒன்றுகூட இல்லாமல் போனார் என்று ஐயா சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார். அவருடைய பாதம் சூடாக இருந்தது, புண் ஆறியிருந்தது, தடி இல்லாமல் நடந்தார். மூன்றாம் படிக்குப் புள்ளடி போட்டேன். முதல் நாளைவிட நன்றாக இருக்கிறார் என்று படிவம் சொன்னது. வழக்கம்போலக் கடைசிக் கேள்வியையும் கேட்டேன்.

"ஒருத்தரையும் இல்லை, பிள்ளை" என்றார்.

அதை அப்படியே எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். இரண்டு மாதம் கழிய மகள் போன் எடுத்து, ஐயா காலையில் எழும்பவில்லை என்றார். கடைசிவரை கால் நன்றாகத்தான் இருந்ததாம். என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது. தொண்ணூற்றிரண்டு வயதுக்குக் காரணம் தேடத் தேவையில்லை என்றார் டொக்டர். அது சரியாகவும் இருக்கலாம்.

ஆனாலும் இப்போது அந்தக் கிளினிக்கில் வேலை செய்யும் தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியை முதல் நாள் மட்டும் கேட்டுவிட்டு, பிறகு பழைய பைலைப் பார்த்து அதே பதிலை எழுதுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படிச் செய்யாதீர்கள். வரும்போதெல்லாம் கேளுங்கள். ஒருத்தரையும் இல்லை என்று யாராவது சொன்னால், கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த திகதியைக் கிட்டப் போடுங்கள். நான் ஐயாவுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் திகதி போட்டேன்.