சாவிக்கு முன் இரண்டு சுற்று

"தமிழ்க்காரர் ஓட்டிய வண்டி" என்று சொல்லிவிட்டால் போதும், புனேயில் எங்கள் ஆட்கள் டிக்கியைக்கூடத் திறந்து பார்க்காமல் வாங்கிவிடுவார்கள். அங்கே நிக்டி பகுதியில் இருக்கும் எங்கள் பழைய டீசல் காரும் அப்படி வந்ததுதான். எங்களுக்கு முன் அதை வைத்திருந்த இரண்டு குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்கள். இன்ஜினின் மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் சேர்த்து ஓட்டும் டைமிங் பெல்ட்டை முந்தினவர் மாற்றியிருப்பார் என்று எல்லோருமே நம்பியிருக்கிறோம். ஒருவரும் மாற்றவில்லை.

கோயம்புத்தூரில் தங்கைக்கு வளைகாப்பு. ரயிலில் இடமில்லை, விடிந்தால் காரில் கிளம்ப வேண்டும். பக்கத்து தாபோடியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் இன்ஜின் பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். பெல்ட் முழுக்க வெடிப்பு.

"அக்கா, இத வச்சுக்கிட்டு பக்கத்துல இருக்குற லோனாவ்லாகூடப் போவ முடியாது."

அவர் குடும்பம் மேலப்பாளையத்திலிருந்து வந்தது. தமிழ் பாதி, இந்தி பாதி பேசுவார். எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய், "ஏனுங்க, இன்னும் எவ்ளோ நேரமுங்க?" என்று உயிரை எடுத்தேன். புது பெல்ட்டை மாட்டியதும் சாவியோடு பாய்ந்தேன்.

"ருக்கோ, நில்லுங்க அக்கா! இன்ஜினக் கையால ரெண்டு சுத்து சுத்திப் பாக்காம சாவி கிடையாது."

"அதெல்லாம் சரியாத்தானுங்க இருக்கும்!"

அவர் பெரிய ஸ்பானரைக் கீழ்ச் சக்கரத்தின் போல்ட்டில் மாட்டி என் கையில் கொடுத்து, "அப்ப நீங்களே சுத்துங்க" என்றார்.

கடுப்போடு சுற்றினேன். ஒரு சுற்று முடிவதற்குள் ஸ்பானர் டக்கென்று நின்றது. அழுத்தப் போனேன்.

"அமுக்காதீங்க!" என்று கத்தினார். "மேல் சக்கரம் ரெண்டு மூணு பல்லு தள்ளி உக்காந்திருக்கு. உள்ள வால்வு பிஸ்டன்ல இடிக்குது. சாவியத் திருப்பியிருந்தா இன்ஜினே காலி!"

ஸ்பானரிலிருந்து கையை எடுத்தேன். அலுவலகத்தில் சோதித்துப் பார்க்காமல் மென்பொருளில் ஒரு வரி மாற்றத்தைக்கூட வெளியே விடமாட்டேன். அதனாலேயே அங்கே எனக்கு ராட்சசி என்று பெயர்.

"உங்க அவசரத்துல நானும் சக்கரத்துல இருக்குற கோட்டச் சரியாப் பாக்காம மாட்டிட்டேன்," என்று அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. பெல்ட்டைக் கழற்றி, சக்கரங்களில் இருந்த வெள்ளைக் கோடுகளை அதனதன் இடத்தில் நிறுத்தி மறுபடி மாட்டினார். பிறகு நானே சுற்றினேன். இரண்டு சுற்றும் வழுக்கிக்கொண்டு போய், கோடுகள் சொன்ன இடத்தில் வந்து நின்றன.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க அக்கா."

"இருங்க," என்றேன். "இன்னும் ரெண்டு சுத்து சுத்திக்கறேனுங்க."