ஏரித் துணியில் எங்கள் துறை

ஊர் ஏரியைத் துணியில் தைக்க வேண்டும் என்று பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் டீச்சர் சொன்னபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கொரு பழைய புடவைத் துண்டு. பெரிய துணியில் வரைந்த ஏரியில், அவரவர் இறங்கும் இடத்தில் அவரவர் தைத்துவிட வேண்டும். ஆண்டு விழாவில் அதைப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுவார்களாம். அந்த வருஷம் ஏரியில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. துணியிலாவது நிரம்பட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அம்மா பருத்தி எடுத்துவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். விரல்களெல்லாம் பருத்திக் காய் கீறிய கோடுகள். ஊசியில் நூலை நான்தான் கோத்துக் கொடுத்தேன். எங்கள் துண்டு அவளுடைய மஞ்சள் புடவையில் கிழித்தது. வந்திருந்த துண்டுகளிலேயே அதுதான் பளிச்சென்று இருந்ததால், நடுவில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

டீச்சரும் நல்ல மனசோடு, "நடுவுலயே வைங்கக்கா, எடுப்பா இருக்கும்" என்றார். அம்மா துண்டைத் துணியின் நடுவில், மேலத்தெருக்காரர்களின் படித்துறைக்குப் பக்கத்தில் வைத்து, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவினாள். மேலத்தெருப் பெண் ஒருத்தி தன் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள். அம்மா துண்டை எடுத்துக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்தாள். கலிங்கைத் தாண்டி, ஏரியில் வழிந்த தண்ணீர் ஓடையாகப் போகும் இடத்தில் வைத்துத் தைத்தாள். எங்கள் தெரு குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏம்மா ஓரத்துல வச்ச?"

"கையி வலிக்குது பாப்பா. சும்மா இரு, தச்சிட்டு வூட்டுக்குப் போவோம்."

இப்போது அந்தத் துணியை நினைத்தால் எனக்குக் கோபம்கூட வருவதில்லை, அலுப்புதான் வருகிறது. அன்றைக்கு அவள் குரலில் இருந்ததும் இதே அலுப்புதான் போலிருக்கிறது.

விழாவன்று மேலத்தெருப் பெரியவர் ஒருவர் துணியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் மஞ்சள் துண்டுக்கு நேராக நின்று, "இது யாரு தச்சது?" என்றார்.

"எங்கம்மாங்க" என்றேன் முந்திக்கொண்டு.

"எடந்தெரிஞ்சு தச்சிருக்கா. கெட்டிக்காரி."

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவ்வளவு பெரிய மனிதர் மெச்சியும் சந்தோஷப்படத் தெரியவில்லையே என்று எனக்கு அவள்மேல் எரிச்சல். அவளுக்கும் சேர்த்து நான் சந்தோஷப்பட்டு, மேலத்தெருக்காரரே எங்கம்மாவைக் கெட்டிக்காரி என்றார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.