அத்தையின் மெஸ்ஸும் காலி ஆணிகளும்

எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் எனக்கு வாய்த்த தலைப்பு, ‘ஒரு சொல், பல பொருள்’. நான் தேர்ந்த சொல் ‘மெஸ்’. துறைமுகச் சாலையில் அத்தை நடத்திவந்த சாப்பாட்டுக் கடையை ஊரார் அப்படித்தான் அழைத்தனர். அகராதியோ முதற்பொருளாக ‘ஒழுங்கின்மை’ என்றது. பசியாற்றும் இடத்துக்கு இப்படியொரு பெயரைச் சூட்டியவர் யார்? இரண்டு நாள் அந்த வியப்பிலேயே திரிந்தேன். ‘கூடி உண்போர் குழு’ என்று இன்னொரு பொருளும் இருந்தது. மேடையில் அது எடுபடாதெனக் கருதிக் குறிப்பிலிருந்து அடித்துவிட்டேன்.

போட்டிக்கு முந்தைய விடுமுறையன்று காலை, அத்தை கேரியர்களை நிரப்பிச் சுவரில் மாட்டிவிட்டு மீன் வாங்கப் போனார். எல்லாம் ஒரே அளவு. ஆனால் இடக்கோடி ஆணியும் நடுநடுவே சில ஆணிகளும் காலியாக இருந்தன. அகராதி சொன்ன ஒழுங்கின்மை கண்முன்னே தொங்கியது. அனைத்தையும் இடப்பக்கம் நகர்த்தி, இடைவெளியில்லாத வரிசையாக்கினேன். வேலைக்குப் போகும் வழியில் வந்தவர்கள் தத்தம் ஆணியில் தொங்கியதை எடுத்துக்கொண்டு போனார்கள்; ஆணி காலியாக இருந்தவர்கள் மிஞ்சியதில் ஒன்றை எடுத்தார்கள். கடைசியாக வந்த கிரேன் ஓட்டுநரின் ஆணி காலி; எஞ்சியிருந்த ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார்.

அத்தை திரும்பியதும் என் திருப்பணியைப் பெருமையுடன் விவரித்தேன்.

“ஏளா, ஆளுக்கொரு ஆணி. லீவு போட்டவன் ஆணிதான் காலியா கெடந்துச்சு. மொதல்ல தொங்குனது கஞ்சி. சங்கெடுக்க முங்குத ஆளு சோறு தின்னுட்டு முங்க முடியுமா? வெறும் வயித்தோட எறங்கிருவானே.”

சங்கு குளிப்பவரின் கைப்பேசிக்கு ஐந்து முறை அழைத்தார். கடலுக்குள் அழைப்பு எட்டவில்லை. அன்று பகல் முழுவதும் அத்தை சாப்பிடவில்லை, எனக்கும் இறங்கவில்லை.

மாலையில் முதலில் வந்தவர் கிரேன் ஓட்டுநர்.

“என்னக்கா, எனக்குக் காய்ச்சல்னு எவன் சொன்னான்? கேரியரத் தொறந்தா கஞ்சி.”

சற்றுப் பின்னால் சங்கு குளிப்பவர் ஈரத்தலையுடன் வந்து கேரியரை நீட்டினார். அது கழுவிச் சுத்தமாக இருந்தது.

“போட்ல உள்ளவிய ஆளுக்கு ரெண்டு வாய் கஞ்சி குடுத்தாவ. முங்கி முடிச்சப்பொறவு உங்க சோத்த எல்லாருமாத் தின்னோம். குழம்பு பத்தல அக்கா.”

அத்தை அவரை உட்காரவைத்து மீண்டும் குழம்பு ஊற்றினார்.

போட்டியில் ஆணிகளின் கதையை நகைச்சுவையோடு சொன்னேன். அரங்கம் கைதட்டியது, முதற்பரிசும் கிடைத்தது. திரும்பும் வழியில் அத்தை கேட்டார்: “போட்டுக்காரவிய கஞ்சி குடுத்தத ஏன் சொல்லல?”

பரிசுக் கோப்பையையும் ஒரு பொருள் அடிக்கப்பட்ட குறிப்பையும் மடியில் வைத்தபடி, அது தலைப்புக்குள் அடங்காது என்று பொறுமையாக விளக்கினேன்.