படத்துக்குள் தட்டிய கதவு

கரையோர ரயில் போகும்போதெல்லாம் அந்த லொட்ஜின் யன்னல் கண்ணாடிகள் கிடுகிடுவென்று ஆடும். ரீவியில் யார் பேசினாலும் கேட்காது. ரயில் போய் முடியும்வரை நடிகர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்போம்... பிறகுதான் கடல் உப்பு மணமும், யாரோ அறையில் பொரிக்கும் கருவாட்டு மணமும் திரும்பி வரும்.

கொழும்பில் வெள்ளவத்தை. யுத்த காலம். கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் மூன்றாம் மாடி. அங்கே இருந்த எல்லோரும் எதற்காகவோ காத்திருந்தவர்கள். சிலர் விசாவுக்கு, சிலர் வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு ஸ்பொன்சருக்கு. நானும் அம்மாவும் தம்பிக்காக.

ரியூஷன் முடிந்து பஸ்ஸில் வந்தவனைக் காலி வீதி செக்பொயின்ற்றில் ஆமிக்காரர் இறக்கிக் கொண்டுபோனவர்கள்தான். மாதக்கணக்காகச் சிறை. அவன்மேல் அவர்கள் சுமத்திய எதையும் அவன் செய்யவில்லை. சின்னக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால் கொஞ்சக் காலம் புனர்வாழ்வு முகாம், பிறகு வீடு என்றார் லோயர். இல்லாவிட்டால் வழக்கு எத்தனை வருடம் இழுபடும் என்று அவருக்கே தெரியாது.

தம்பி மாட்டேன் என்றுவிட்டான். செய்யாததைச் செய்தேன் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டான். எனக்கு அவனை நினைக்கப் பெருமையாக இருந்தது. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி ஒரு போயா நாள், பௌர்ணமி லீவு...

லொட்ஜ் மனேஜர் அல்பிரட் அண்ணை கொச்சிக்கடைக்காரர், பகிடிக்காரர். லீவு என்றால் முதல் நாளே கசெட் எடுத்துவந்து வைத்து ஹோலில் படம் போடுவார். அன்றைக்கு உறையில் தமிழ்ப் படம், உள்ளே ஏதோ இங்கிலீஷ் படம். போயாவுக்குக் கடை பூட்டு, மாற்றவும் வழியில்லை. கம்பனியில் கிளார்க் என்றபடியால் எனக்கு இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடு என்பது அவருடைய நினைப்பு. என்னை முன்னுக்கு இருத்தித் தமிழில் சொல்லச் சொன்னார்.

பல நூறு வருடத்துக்கு முந்திய கதை. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காக வழக்குக்கு இழுக்கப்பட்ட ஒரு விஞ்ஞானி. முதலில் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். பிறகு அவர் ஒரு குழாயைச் சந்திரனுக்கு நீட்டினார்...

திரை முழுக்கச் சந்திரன். மேடும் பள்ளமுமாக. ஹோல் அப்படியே அடங்கிவிட்டது. மொழிபெயர்க்க மறந்து நான் வாய் பிளந்து இருந்தேன். பொலிஸ் பதிவு, செக்பொயின்ற், சிறை வாசல் என்று நிலத்தைப் பார்த்தே நடந்து பழகியவள். தலைக்கு மேலே இவ்வளவு கிடக்கிறதா என்று மலைத்துப் போனேன்.

அப்போதுதான் கதவு தட்டிக் கேட்டது. பலமாக, சப்பாத்துச் சத்தத்தோடு.

செக்கிங்குக்கு ஆமி வந்துவிட்டது என்றே நினைத்தோம். ஹோல் முழுக்க எழும்பி நின்றது. சட்டைப் பையிலிருந்தும் ஹேண்ட்பேக்கிலிருந்தும் ஐசி என்கிற அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் கைக்கு வந்துவிட்டன. அம்மா தன்னுடையதோடு தம்பியின் ஐசி போட்டோக் கொப்பியையும் சேர்த்துப் பிடித்திருந்தா. அல்பிரட் அண்ணை சிரித்த முகத்தோடு சிங்களத்தில் வரவேற்றுக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார்.

வெளியே ஒருவரும் இல்லை. திரும்பி ரீவியைப் பார்த்தால், விஞ்ஞானியின் வீட்டு வாசலில் சிப்பாய்கள் நிற்கிறார்கள்!

சிரித்தோம் பாருங்கள்... கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். ஆனால் ஐசியை ஒருவரும் உடனே உள்ளே வைக்கவில்லை.

பிறகு அந்தக் கிழவரை முழங்காலில் இருத்தி, தான் சொன்னதெல்லாம் பிழை என்று வாசிக்க வைத்து, கையெழுத்தும் வாங்கினார்கள். பயந்துவிட்டார் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். எனக்கும் அவர்மேல் கோபம் வந்தது. அம்மா என் கையைப் பிடித்தா.

"பிள்ளை, இனி அவரை வீட்ட விட்டிடுவாங்களோ?"

ஓம், ஆனால் வீட்டுக்குள்ளேயே காவலாம் என்றேன். கடைசிக் காட்சியில் கிழவர் யன்னலோரம் இருந்து, சொல்லாமல் விட்ட மிச்சத்தையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். தோற்றுப்போன மனிதரின் முகமாக அது இல்லை. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இப்படியும் ஒரு மனிதர் இருந்தாரா என்று மட்டும் இருந்தது.

படம் முடிந்து பல்கனிக்கு வந்தோம். காலி வீதிப் பக்கம், செக்பொயின்ற்றுக்கு மேலே போயாச் சந்திரன் எழும்பிக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றா.

அடுத்த முறை சிறைக்குப் போனபோது, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று முழுப் படத்தையும் அம்மா தம்பிக்குச் சொன்னா. குழாய், சந்திரன், நாங்கள் ஐசியோடு எழும்பி நின்றது எல்லாம். அவன் சிரித்தான். பிடிபட்ட பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு அம்மா குரலைத் தாழ்த்தினா.

"அந்தாள் இல்லையெண்டு கையெழுத்து வைச்சும் பூமி சுத்தத்தானே செய்யுது. நீ ஒண்டும் செய்யேல்லை எண்டதும் அப்பிடித்தான் ராசா. வைச்சிட்டு வீட்ட வா."

அடுத்த வழக்குத் தவணையில் தம்பி கையெழுத்து வைத்தான். காலம் எடுத்தது... ஆனால் வந்தான்.

போன மாதம் நானும் அவனும் கொழும்பில் ஒரு மோலுக்குப் படம் பார்க்கப் போனோம். அதுவும் ஒரு விஞ்ஞானியின் கதைதான். ஏசி குளிர், பொப்கோர்ன், நாலு பக்கமும் சத்தம். லொட்ஜ் இருந்த ஒழுங்கையில் இப்போது உயர்ந்த அப்பார்ட்மென்ட். அந்த ரயில் மட்டும் இன்னும் போகிறது. இந்தப் படத்தில் சந்திரன் எவ்வளவோ தெளிவு. ஆனாலும் லொட்ஜின் அந்த ஆடுகிற ரீவிப் பெட்டியில் பார்த்த சந்திரன் போல என்னை அது தூக்கவில்லை.

இடையில் ஒரு காட்சியில் கதவைப் பலமாகத் தட்டினார்கள்.

தியேட்டரில் ஒருவரும் அசையவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் பொப்கோர்ன் கொறித்துக்கொண்டிருந்தார்கள். என் கை ஹேண்ட்பேக்குக்குள் இருந்தது. பக்கத்தில் பார்த்தேன். தலை நரைத்த தம்பியின் கை சட்டைப் பையில்.

அம்மா இருந்திருந்தால் எழும்பியே நின்றிருப்பா.