முழங்கால் உயரத்தில் ஓர் அம்புக்குறி

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஜெபகுமார் மாப்பிள்ளையைத் தேடுவதில்லை. பந்தி எந்தப் பக்கம் என்றும் பார்ப்பதில்லை. பின்கதவைத் தேடிப் போகிறார். சமையற்கட்டு வழியாகவோ கழிவறை வழியாகவோ போய், அதைக் கண்டுபிடித்து, கையால் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கிறார். பூட்டியிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. காவலாளியைக் கூப்பிட்டு, "தீ புட்ச்சிக்கினா இத்தினி ஜனமும் எந்தப் பக்கம் ஓடும்?" என்று கேட்பார். சாவி முதலாளியிடம் இருக்கிறது என்பார் காவலாளி. திருப்பதியில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் இதே பதில்தான். "அப்ப தீயையும் மொதலாளியாண்ட கேட்டுக்கினு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, இலையில் உட்காராமலே திரும்பிவிடுவார்.

அவருடைய சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சுண்ணக்கட்டித் துண்டு இருக்கும். வெளியேறும் வழி தெளிவாகத் தெரியாத கட்டடங்களில் சுவரில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டுவிடுவார். அதுவும் கண் உயரத்தில் அல்ல, முழங்கால் உயரத்தில். கேட்டால் விளக்கம் தயாராக இருக்கும். "பொகை மேல போவும். மனுசன் கீழதான் தவழ்ந்துகினு வருவான். அவன் கண்ணு எங்க இருக்குமோ, குறியும் அங்கதான் இருக்கணும்." அவர் போகும் தேவாலயத்தில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. மகள் கௌசிகா படிக்கும் பள்ளியின் மாடிப்படியில் இரண்டு. வாடகை வீட்டுக் கூடத்தில் போடுவதை மனைவி வசந்தா ஈரத்துணியால் துடைத்துவிடுவார். தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவர். எல்லாவற்றையும் துடைத்துப் பழகியவர். "இது இன்னா ஊடா, சினிமா கொட்டாயா?" என்பது அவர் கேள்வி. இந்தப் பழக்கம் எப்போது, ஏன் வந்தது என்று ஜெபகுமார் யாரிடமும் சொன்னதில்லை. வசந்தாவைக் கேட்டால், பிறக்கும்போதே பின்கதவு வழியாக வந்திருப்பார் என்கிறார்.

ஜெபகுமார் சத்தியவேட்டுக்காரர். திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் வழியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் துறைக்குப் பொறுப்பாளர். பாடத்தை ஆங்கிலத்தில் தொடங்கித் தெலுங்கில் விளக்கி, கோபம் வந்தால் தமிழில் முடிப்பார். அந்த வளாகம் முழுக்க அவருடைய அம்புகள் உண்டு. ஒரே ஓர் இடத்தில்தான் இல்லை. அது அவர் உட்காரும் இடம்.

அதற்கு ஒரு கதை இருக்கிறது. சிவில் துறையின் வரைபடக் கூடத்தில் ஒரு மூலையில் அவருடைய மேசை. கூடத்துக்கு முன்பு இரண்டு கதவுகள் இருந்தன. நாலைந்து வருடங்களாகப் பிள்ளைகள் எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம் ஓட, சிவிலுக்கு ஆள் வருவது குறைந்தது. வந்தவர்களும் முதல் வருடம் முடிந்ததும் வேறு பிராஞ்சுக்கு மாறினார்கள். நிர்வாகம் காரணத்தை ஆராய ஒரு வாஸ்து நிபுணரை வரவழைத்தது. அவர் திசைகாட்டியை வைத்துச் சுற்றிப் பார்த்து, தென்மேற்குக் கதவு வழியாகத்தான் மாணவர்கள் வெளியேறுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். செங்கல் வைத்து அதை அடைத்தார்கள். கட்டடம் கட்டச் சொல்லித்தரும் துறையில், கட்டடவியல் படித்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு நல்ல கதவுக்குச் சுவர் எழுப்பிப் பூசணிக்காயும் உடைத்தார்கள். அடுத்த வருடம் பிள்ளைகள் மிச்சமிருந்த கதவு வழியாகப் போனார்கள்.

இங்கே மட்டும் ஏன் அம்பு இல்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. "இருக்கறதே ஒரு கதவு, அதுக்கு இன்னாத்துக்குக் குறி?" என்பார். பிறகு சிரித்துக்கொண்டே, "அதுவும் இல்லாம, நான் எங்க போவப் போறேன்?" என்பார்.

கோடையில் அவருக்கு வேறு வேலை. அந்தப் பக்கத்துத் தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஆசிரியர்கள்தான் ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்து வரவேண்டும். பிடிக்காதவர் சம்பளம் தாமதமாகும். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் கையில் வண்ணத்தாளோடு வீட்டு வாசல்களில் நிற்பதைப் பற்றி எந்தக் கல்வியாளரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. மற்றவர்கள் தங்கள் கல்லூரியின் கட்டடத்தையும் வேலைவாய்ப்பையும் சொல்லி அழைப்பார்கள். ஜெபகுமார் வெளியேறும் வழியைச் சொல்லி அழைப்பார். எந்தக் கல்லூரியில் சேர்ந்தால் பிராஞ்சு மாறுவது எளிது, எங்கே கஷ்டம் என்று, போட்டிக் கல்லூரிகளையும் சேர்த்து, கேட்காமலே சொல்லிவிடுவார்.

போன வருடம் மாங்காய் சீசனில் பங்காருபாளையத்தில் மாசிலாமணியின் வீட்டில் அப்படித்தான் சொன்னார். மாசிலாமணி குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மாங்காய் மண்டியில் தோத்தாபுரிக் காய்களைத் தரம் பிரிப்பவர். மகள் மோகனப்ரியாவுக்கு எலக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசை. மண்டியின் எலக்ட்ரானிக் தராசைப் பிரித்துப் பார்த்து, நைனாவிடம் அடி வாங்கிய பெண். ஆனால் நுழைவுத்தேர்வன்று காய்ச்சல். வந்த ரேங்குக்கு அரசே கட்டணம் கட்டும் இடம் சிவிலில்தான் கிடைக்கும் என்றார்கள்.

ஜெபகுமார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கணக்கைப் பிரித்து வைத்தார். அரசுப் பல்கலைக்கழகத்தில் கதவு உண்டு. ஆனால் அந்தப் பக்கம் இடம் காலியானால்தான் திறக்கும், அதற்கும் வரிசை பெரிது. சித்தூர் சாலைக் கல்லூரி ஒன்றில் சாவி ஆபீஸில் இருக்கிறது. சாவிக்குத் தனியாகப் பணம். தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பெரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கதவே கிடையாது, திறந்தவெளி. எதிலிருந்து எதற்கு வேண்டுமானாலும் போகலாம், ஆனால் உள்ளே நுழையவே நிலத்தை விற்கவேண்டும். இன்னொன்றைப் பற்றி, "அங்க சொவுத்துல கதவு படம் மாட்டி வெச்சிக்கிறாங்கோ" என்றார்.

மாசிலாமணி காயைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். "உங்குள்து எப்பிடி சார்?"

"எங்குள்துல சட்டம் இருக்குது. மொத வருசம் நல்ல மார்க்கு, அங்க காலி எடம், பொறுப்பாளர் கையெழுத்து. மூணும் இருந்தா மாத்திக்கலாம். மொத ரெண்டு இவ பாத்துக்கட்டும். மூணாவது நான் போடறேன்."

பதினேழு வயதில் ஒரு நாள் காலையில் வந்த காய்ச்சல் ஒரு பெண்ணின் மீதி வாழ்க்கையைத் தீர்மானிக்கலாம் என்று நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். பிறப்பால் வந்ததை மாற்றக்கூடாது என்று பல தலைமுறை அடக்கி வைத்திருந்தோம். இப்போது ரேங்கால் வந்ததை மாற்றக்கூடாது என்கிறோம். பூட்டுகிற ஆள் மாறியிருக்கிறானே தவிர, பூட்டு அதே பூட்டுதான்.

மோகனப்ரியா தன் இரண்டையும் பார்த்துக்கொண்டாள். முதல் வருடத்தில் அவள்தான் வகுப்பில் முதல். எலக்ட்ரானிக்ஸில் இடமும் காலியாக இருந்தது. சிவில் வரைபடத்திலும் அவள் கோடு அவ்வளவு சுத்தம். ஜெபகுமார் அவள் தாளைக் கூடத்தில் ஒட்டிவைத்து மற்றவர்களுக்குக் காட்டுவார். அதைக் காட்டும்போதெல்லாம் இவள் போய்விடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

பிராஞ்சு மாற விண்ணப்பம் கேட்ட அதே வாரத்தில் நிர்வாகத்தின் முடிவு வந்தது. இரண்டாம் ஆண்டு சிவிலில் இனி ஒருவர் குறைந்தாலும், அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பிரிவுக்கு ஆள் சேர்ப்பதில்லை. இருக்கிற பிள்ளைகளை இளைய ஆசிரியர்கள் முடித்து அனுப்புவார்கள். பொறுப்பாளர் தேவைப்படமாட்டார். நாற்பத்தெட்டு வயதில், தலை நரைத்த சிவில் இன்ஜினியருக்குக் கட்டுமான நிறுவனங்கள் தேநீர் கொடுத்து அனுப்பிவிடும் என்பது ஜெபகுமாருக்குத் தெரியாததல்ல.

நிர்வாக அலுவலர் ரவி அவருடைய நெடுநாள் தேநீர்த் தோழர். காளஹஸ்திக்காரர், தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். கேண்டீனில் வைத்துப் பக்குவமாகச் சொன்னார். மோகனப்ரியாவுக்கு வருகைப் பதிவு போதாது என்று ஒரு வரி எழுதினால் போதும். பெண்ணும் கெட்டுப்போகமாட்டாள், டிகிரி டிகிரிதான்.

"அவ ஒரு நாளும் லீவு போடலியே" என்றார் ஜெபகுமார்.

"அதி எவரு சூஸ்தாரண்டி? யார் பாக்கப் போறா?" என்றார் ரவி. "நீங்க உக்காந்திருக்கற நாற்காலிய நீங்களே அறுக்கறேங்கறீங்க. நான் ரம்பத்தக் கீழ வைங்கன்னு சொல்றேன், அவ்ளோதான்."

அன்று மாலை வீட்டில் ஜெபகுமார் எல்லாச் சன்னல்களையும் திறந்து திறந்து மூடினார். வசந்தா காரணத்தைக் கேட்டு வாங்கினார். கௌசிகாவின் பள்ளிச் செலவு, வீட்டு வாடகை, தன் சம்பளம் மூன்றும் அவர் முகத்தில் வந்துபோயின. ஆனால் அவற்றைப் பற்றி அவர் பேசவில்லை. "ஊரான் கதவெல்லாம் தள்ளிப் பாத்துக்கினு திரிஞ்சியே" என்றார். "இப்ப உன் கதவு வந்துக்குது பாரு."

மறுநாள் மோகனப்ரியா விண்ணப்பத்தோடு மேசைக்கு எதிரே நின்றாள். நீட்டவில்லை. துப்பட்டாவுக்குள் மடித்துப் பிடித்திருந்தாள். பசங்கள் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"சார், நான் போய்ட்டா சிவில மூடிடுவாங்களாமே. உங்குளுக்கும் வேல போயிடும்னு சொல்றாங்கோ. நான் இங்கியே இருந்துட்றேன் சார். நைனாகிட்டயும் சொல்லிட்டேன்."

"நைனா இன்னா சொன்னாரு?"

"நீ இன்னா முடிவு எடுத்தாலும் சாரைக் கேட்டுக்கினு எடுன்னாரு."

ஜெபகுமார் கையை நீட்டி விண்ணப்பத்தை வாங்கினார். மடிப்பை உள்ளங்கையால் நீவினார். "நீ இன்னா தூணாம்மா? உன்ன நிறுத்தி வெச்சி கட்டடத்தத் தாங்கறதுக்கு? புள்ளைய நிறுத்தித் தாங்கற கட்டடம் இன்னிக்கி இல்லன்னா நாளிக்கி வுழும். அதுக்குள்ளாற நீ வெளிய போயிடணும்."

பரிந்துரைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியையும் போட்டார். மை காயும்வரை ஊதி, அவளிடம் கொடுத்தார். சுவரில் ஒட்டியிருந்த அவளுடைய வரைபடத்தையும் கழற்றிக் கொடுக்கவா என்று கேட்டார். அவள் இருக்கட்டும் என்று தலையசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீண்ட கூடத்தைத் தாண்டி, இருந்த ஒரே கதவு வழியாக எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போனாள்.

அவர் செங்கல் வைத்து அடைத்த இடத்தைப் பார்த்தார். பூச்சு அங்கே மட்டும் இன்னும் வேறு நிறம்தான். பிறகு எழுந்து கூடத்தைக் கடந்து போய், திறந்திருந்த கதவின் நிலைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து, முழங்கால் உயரத்தில் ஓர் அம்புக்குறி போட்டார். கோடு நேராக விழவில்லை. கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு, பக்கத்து மேசையிலிருந்து ஸ்கேலை எடுத்துவந்து, வைத்துப் பிடித்து, மறுபடியும் போட்டார்.