ஏழாம் தளத்து அலாரம்

உல்லாசக் கப்பலின் கேமரா அறையில் வேலை பார்த்த அவளை எல்லோரும் 'கழுகு' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்துநாலு திரைகளையும் ஒற்றை ஆளாய்ப் பார்ப்பாள். எந்தத் தளத்தில் யார் செருப்பைத் தொலைத்தார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட கண்ணுக்கும் போன வருஷம் ஒரு பெரியவர் தப்பிவிட்டார்.

தனியாகப் பயணம் வந்தவர். ஒரு மாலை ஏழாம் தளத்தின் பின்பக்கக் கம்பியைத் தாண்டிக் கடலில் விழுந்தார். மறுநாள் காலை அறையைச் சுத்தம் செய்யப் போன பணிப்பெண், படுக்கை கசங்காமல் கிடக்கிறதே என்று சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் கப்பல் எங்கேயோ வந்திருந்தது. பதிவைப் பின்னோட்டிப் பார்த்தார்கள். மாலை நாலு பத்து, ஒரு முதுகு, மூன்று விநாடி, அவ்வளவுதான். அந்த மூன்று விநாடியும் கழுகு பக்கத்துத் திரையில் பிள்ளைகள் பந்தடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகு கம்பெனி, உடல் சூட்டை உணரும் கேமராக்களைக் கப்பலின் இருபுறமும் பொருத்தியது. யாராவது விழுந்தால் திரையில் வெள்ளையாய் உருவம் தெரியும், அலாரம் அடிக்கும்.

முதல் நாளே அடித்தது. மாலை நாலு பத்து. ஏழாம் தளம், பின்பக்கம், இடது. வெள்ளை உருவம் ஒன்று தலைகீழாக இறங்கிக் கடலில் கரைந்தது. கப்பலை நிறுத்தி, படகு இறக்கித் தேடினார்கள். பயணிகளைத் தலை எண்ணினார்கள். ஒருவரும் குறையவில்லை. மறுநாளும் அதே நாலு பத்து. அதற்கு அடுத்த நாளும்.

"கீழே சலவை அறையோட ஆவிக் குழாய் இருக்கும்மா. ஆவியப் பாத்துதான் மெஷின் கத்துது," என்றார் பாதுகாப்பு அதிகாரி. "அந்த ஒரு கேமராவ மட்டும் அணைச்சுத் தொலை."

"ஆவி மேல போகும் சார். இது கீழ போகுது."

கேமரா அணையவில்லை.

ஃபோனில் கேட்ட அவள் கணவர் மட்டும் சிரித்தார். "ஆவின்னா எந்த ஆவி? அதக் கேட்டியா முதல்ல?"

ஒன்பதாம் நாள் அலாரம் அடித்தபோது அதிகாரி டீக் கோப்பையோடு பின்னால் நின்றிருந்தார். "வந்துட்டாருய்யா நம்ம ஆளு," என்றார்.

வழக்கமான உருவம் இறங்கியது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் இறங்கியது. அது கைகால்களை உதறிக்கொண்டிருந்தது.

"சார், ரெண்டு!"

கத்திக்கொண்டே சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். "ஆள் விழுந்துட்டாங்க! பின்பக்கம், இடது!" என்று அவள் குரல் கப்பல் முழுக்க ஒலித்தது. பின்தளத்தில் நின்றவர்கள் மிதவை வளையங்களை வீசினார்கள். கப்பல் சாய்ந்து திரும்பியது.

இருபத்தாறு நிமிஷத்தில் படகு ஓர் இளம்பெண்ணை மீட்டது. பால்கனியில் நாற்காலி மேல் ஏறிப் படம் எடுக்கப்போய்த் தவறி விழுந்தவள். கழுகு அவளைப் பார்க்க மருத்துவ அறைக்கு ஓடினாள். அந்தப் பெண் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அவர ஏத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

"யாரம்மா?"

"ஒரு பெரியவர். கண்ணாடி போட்டிருந்தார். தண்ணியிலகூட அது கழலல. என் தோளப் புடிச்சுத் தூக்கிக்கிட்டே இருந்தாரே! நான் அழுதப்போ, 'அழாத, மூச்ச வீணாக்காத. இந்தத் தடவ அந்தப் பொண்ணு பாத்துட்டா, வந்துடுவாங்க'ன்னு சொன்னார்."

கழுகு வெளியே ஓடி, படகை மறுபடி இறக்கச் சொன்னாள்.

இன்னும் ஒரு மணி நேரம் தேடினார்கள். மறுபடி தலை எண்ணினார்கள். எல்லோரும் இருந்தார்கள். குளிரில் விறைத்தவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும் என்றார் டாக்டர்.

பால்கனி நாற்காலிகளைத் தரையோடு திருகி இறுக்கினார்கள். கம்பிகளை ஒரு சாண் உயர்த்தினார்கள். சலவை அறைக் குழாயை யாரும் தொடவில்லை. ஆனாலும் நாலு பத்து அலாரம் அன்றோடு நின்றுபோனது. விழுந்த பெரியவரின் கோப்பு அதிகாரியின் அலமாரியில்தான் இருக்கிறது, புகைப்படத்தோடு. கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. கழுகு இதுவரை அதைத் திறந்து பார்க்கவில்லை.

"வேலைய விட்டுட்டு வந்துடேன்," என்றார் கணவர். இப்போது அவர் சிரிக்கவில்லை. "பயமா இல்லையா உனக்கு?"

"இருக்குங்க," என்றாள் அவள், திரைகளிலிருந்து கண்ணை எடுக்காமல்.