கல்லாக ஓடியவன்

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் நான் விண்கல்லாக இருந்தேன். அதற்குமேல் பள்ளிக்கூடம் போகவில்லை, இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

வானத்தைப் படம் எடுக்கிறவர்கள் புதிதாக ஒரு கல்லைக் கண்டுபிடித்திருப்பதாகப் பேப்பரில் வந்திருந்தது. அடுத்தடுத்து எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்ததாம். சூரியனைச் சுற்றுகிற அந்தக் கல் ஆவணியில் பூமிக்குப் பக்கமாக வந்துவிட்டுப் போய்விடும். மோகனூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் ‘வந்து’ வரைக்கும்தான் காதில் வாங்கினார்கள்.

ஊருக்குப் புதிதாக வந்திருந்த இளவயது வாத்தியார், பயம் தெளியட்டும் என்று எங்களை மைதானத்தில் இறக்கினார். குண்டுப் பையன் ஒருவன் சூரியன். மளிகைக்கடைக்காரர் மகன் பூமி. பூமி சூரியனைச் சுற்றி வட்டமாக ஓட வேண்டும். கல் பேச வேண்டியதில்லை என்பதால் வாய் திறக்காத எனக்கு அந்த வேடம். முட்டை வடிவத்தில் நீளமாக ஓடி, பூமியின் பாதையை ஒட்டி வந்து, தொடாமல் திரும்ப வேண்டும். எனக்குச் சோறு கொண்டுவந்த அத்தை வேலியோரம் நின்று பார்த்தாள். சோற்றுப் போசியைக் கொடுத்த பிறகும் நின்றாள். மூன்றாவது சுற்றில் கால் தடுக்கி நான் பூமியின் மேல் விழுந்தேன். பூமிக்கு முன்பல் போயிற்று.

சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் ஒரே பேச்சு. வாத்தியாரே ஓடவிட்டுப் பார்த்தாராம், மோதுகிறதாம்.

அப்பாவின் தங்கையான இந்த அத்தைக்கு நாமக்கல்லில் ஒரு லாரிக்காரர் வீட்டில் கல்யாணம் பேசியிருந்தார்கள். முகூர்த்தம், கல் வரும் நாளுக்கு மறுநாள். தேதி வைத்ததிலிருந்து அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. வெட்கம் என்றார்கள். வெட்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா? வெட்கப்படுகிற நாளில் நான் தலை நிமிராமல் இரண்டு தோசை கூடவே சாப்பிடுவேன்.

“கல்லு உழுகற நேரத்துல கண்ணாலம் வெக்கலாமா?” என்று தாத்தா யோசித்தார். மாரியம்மன் கோயிலில் பூக் கேட்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் போட்டு, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் கல்யாணம்; சிவப்பு என்றால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். விவரம் தெரியாத பிள்ளை யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பூசாரிக்குக் கைநடுக்கம். அதனால் பொட்டலம் மடித்தது அத்தை.

எனக்குக் கால் கழுவிவிடுகிற சாக்கில் அத்தை குனிந்தாள்.

“சாமி, மூலை கசங்குன பொட்டலத்த எடு. அப்பத்தான் கல்லு நம்மூட்டு மேல உழுகாது.”

“உழுகவே உழுகாதுன்னு வாத்தியார் சொன்னாருங்களே அத்தை.”

“உன்னைய ஓடவுட்டப்பவும் அப்படித்தான சொன்னாரு?”

கல்லாக ஓடியவன் நான். கல்லுக்குக் கால் தடுக்கும் என்பது வாத்தியாரைவிட எனக்குத் தெரியும்.

மூலை கசங்கியதை எடுத்தேன். பிரித்தால் செவ்வரளி. அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பூக் கேட்க வந்து உட்கார்ந்திருந்த லாரிக்காரர் எழுந்து துண்டை உதறினார். “அம்மனே சொன்னதுக்கப்புறம் நாம என்னத்தைங்க பேசறது? வாரமுங்க.” அன்று இரவு அத்தை நான்கு தோசை சாப்பிட்டாள்.

கல்லும் சொன்ன நாளில் எங்களைத் தொடாமல் போயிற்று. ஊரைக் காப்பாற்றியவன் நான்தான் என்பதைக் கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த தையில் வாத்தியார் வீட்டார் முறைப்படி வந்து பெண் கேட்டார்கள். கல்யாணம் நடந்தது. மாலையோடு இருந்த வாத்தியார் என்னைப் பக்கத்தில் இழுத்து, “நீ செஞ்ச உதவிய மறக்கமாட்டேன்டா” என்றார்.

கல் விஷயம் அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகக் கூட்டத்தில் சத்தமாகப் பேசினேன்.

“அதுக்கென்னங்க சார், அடுத்த தடவை வந்தாலும் என்னையே கூப்புடுங்க. அத்தை பொட்டலத்துல மூலைய மட்டும் கசக்கி வெச்சாப் போதும்.”

நாதஸ்வரக்காரர் அந்த நேரம் பார்த்தா மூச்சு வாங்க வேண்டும்? தாத்தா மெதுவாகத் திரும்பி அத்தையைப் பார்த்தார். அத்தை குனிந்த தலை நிமிரவில்லை. வெட்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.